பழைய எண் பதினான்கு

மீட்டர் பார்க்க வருகிறவனுக்கு
எல்லா வீட்டிலும் மாடிப்படிக்கு அடியில்தான் வரவேற்பு.
துடைப்பம், ஈரக் குடை, சக்கரம் போன குழந்தை வண்டி,
அதற்கும் பின்னால் எண்கள்.
டெப்ட்ஃபோர்டில் பதினோரு வருடம்.
இந்த வட்டாரத்தின் பெரிய மனிதர்கள்
எனக்கு இப்படித்தான் பழக்கம்:
வெளியே சுவரில் வட்டமாக நீலப் பலகை,
உள்ளே கரண்ட் பாக்கி.

நிலாவின் பள்ளங்களை அளந்தவர் வாழ்ந்த வீட்டில்
படிக்கட்டுக்கு பல்பு கிடையாது.
சலவைக்காரப் பெண்களுக்காகச் சிறை போனவள் வீடு
இப்போது பல் மருத்துவமனை.
வாயைத் திறந்து படுத்திருக்கும் யாருக்கும்
அவள் பெயர் தெரியாது.
மாலுமிப் பாட்டுகள் எழுதிய ஒருவர்
ஐந்து வீடுகளில் வாடகை தராமல் போனவர்.
ஒரு வீட்டில் பலகை மாட்டியிருக்கிறார்கள்.
மற்ற நாலும் இன்னும் மன்னிக்கவில்லை போல.

ஆல்டர்விக் சாலை, எண் பதினான்கு.
ஹெஸ்டர் விக்கம், பாசிகளை ஆராய்ந்தவர்,
இங்கே வாழ்ந்தார், 1868 முதல் 1871 வரை.
மூன்றே வருடம்.
எந்த வாடகை வீட்டிலும்
நான் அவ்வளவு குறைவாக இருந்ததில்லை
என்று சொல்ல ஆசைதான்.
பொய்.

கதவைத் திறப்பது டோரீன் ஹேக்கெட்.
இருபது வருடம் 47ஆம் நம்பர் பஸ் ஓட்டிய கை
ஜன்னலைக் காட்டும்:
இங்கேதான் அவர் மைக்ராஸ்கோப் இருந்ததாம்,
இந்தப் பலகைக் கீறல் அவர் கத்தி போட்டதாம்.
ஃப்ரைபர்கிலிருந்து வந்த ஒரு தம்பதி
கீறலைத் தொட்டுப் பார்த்து
கண் கலங்கினார்களாம்.

எதிர்வரிசையில் இருபத்தேழு.
ஆறு அழைப்பு மணி, ஆறுக்கும் டேப் ஒட்டிய பெயர்கள்:
ஸ்டோயான், தெஸ்ஃபாலெம், ஹ்வா,
பிறகு பாதி கிழிந்த ஒரு மயூ...
மயூரனா மயூரதனா, இதுவரை நேரில் பார்த்ததில்லை.
ராத்திரி வேலை.
மீட்டர் மட்டும் அவனுக்காகவும் ஓடுகிறது.
நிலவறைப் பெட்டிக்குள், கம்பிகளுக்குப் பின்னால்,
போன மார்ச்சில் ஒரு பழுப்பு அட்டை கிடைத்தது.
1937. நீல மை. அழகான கையெழுத்து.
'தெரு எண்கள் மாற்றப்பட்டன.
முன்பு 14. இனி 27.'

சிறிது நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.
டார்ச் வெளிச்சத்தில்
சுவரெல்லாம் கருப்பாகப் பூத்திருந்தது பூஞ்சை,
கூரை மூலை வரைக்கும், கண்டங்கள் மாதிரி.
கவுன்சில் அதிகாரி வந்து பார்த்துவிட்டு
ஜன்னலைத் திறந்து வைக்கச் சொன்னாராம்.
நிலவறைக்கு ஜன்னல் எங்கே?
ஹெஸ்டர் அம்மையார் ஆயுள் முழுக்கத் தேடிப் போனது
இந்த ஈரத்தைத்தானோ என்னவோ.

டோரீனிடம் அட்டையைக் காட்டினேன்.
கண்ணாடி போட்டு இரண்டு தரம் படித்தாள்.
'சரி,' என்றாள்,
'பலகையைக் கழற்றி அந்தப் பக்கம் மாட்டினால்
வீட்டுக்காரன் முதலில் என்ன செய்வான்?
வாடகையை ஏற்றுவான்.
ஆறு மணியும் ஒரு மாதத்தில் காலி.'
கெட்டில் கொதித்து அணைந்தது.
'என் ஜன்னல் கீறலும்
நான் ரொட்டி வெட்டினது,' என்றாள்.

அட்டை இன்னும் என் சட்டைப் பையில்.
இரண்டு தரம் தோய்த்தாகிவிட்டது,
14 மட்டும் தெரிகிறது.

நேற்று மறுபடியும் யாரோ வந்திருந்தார்கள்.
பலகையோடு முழு வீடும் படத்தில் விழ வேண்டுமானால்
தெருவைத் தாண்டி எதிர்ப்பக்கம் வர வேண்டும்,
இருபத்தேழின் குட்டைச் சுவரில் சாய வேண்டும்.
உடைந்த குழாய் வருடக்கணக்கில் சொட்டும் சுவர்.
படம் எடுத்து முடித்து நிமிர்ந்தவர்
கோட்டின் முதுகைத் திருகிப் பார்த்தார்.
நல்ல பச்சை, வெல்வெட் மாதிரி.
'ச்சே' என்று
அவர் மொழியில் ஏதோ சொல்லி
தட்டித் தட்டி உதறினார்.